கில்ட்டைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கும், வேட்டியை நிறுத்திய வாசலுக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் தோட்டமொன்றின் லயத்து வீட்டில் பிறந்து, இதே வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். சென்ற மாதம் எங்கள் ஊரில் ஏறக்குறைய பதினைந்து நாள் இடைவெளியில் நடந்த இரண்டு சம்பவங்கள் மனத்தை விட்டு அகலாததால் இக்கடிதத்தை எழுதுகிறேன். இரண்டுமே ஆண்கள் இடுப்பில் உடுத்தும் துணியைப் பற்றியவை. முதல் சம்பவத்தில் சிரித்தவர்கள் நம்மவர்கள். இரண்டாவதில் வாசலில் நிறுத்தப்பட்டவன் நான்.

என் தங்கை மகன் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பொறியியல் படித்து, அங்கேயே மூன்று ஆண்டுகள் வேலையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறான். உடன் படித்த நண்பரின் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நிற்பதற்காக அங்கே அளவெடுத்துத் தைத்த கில்ட் ஒன்றையும் பெட்டியில் கொண்டு வந்திருந்தான். ஸ்காட்லாந்து ஆண்கள் பாவாடை போல இடுப்பில் உடுத்தும், மடிப்பு வைத்த, கட்டம் போட்ட கம்பளி உடுப்பு அது. "அங்கே கல்யாணத்துக்கு இதுதான் மாமா மரியாதையான உடுப்பு" என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளித் தோழன் ஒருவனுடைய நிச்சயதார்த்தத்துக்கு அதை உடுத்திக்கொண்டு கிளம்பினான். நானும் உடன் சென்றேன். மண்டபத்துக்குப் போகும் வழியில் பூமாலை வாங்கவும் பசியாறவும் சந்தைக்குப் பக்கத்தில் இறங்கினோம்.

கடைக்குள் கால் வைத்ததுமே மேசைக்கு மேசை கைப்பேசிகள் உயர்ந்தன. ஒருவர் எழுந்து எங்கள் மேசையைச் சுற்றி வந்து பின்பக்கமிருந்து படம் எடுத்தார். "அக்காவுக்கு ஒரு தே தாரிக்" என்று ஓர் இளைஞர் உரக்கச் சொல்ல, கடையே சிரித்தது. உள்ளே என்ன போட்டிருக்கிறான் என்று கேட்டவரோ ஐம்பது வயதைத் தாண்டியவர். தம் பிள்ளைகளை என்னிடம் படிக்க அனுப்பியவர். மாலைக்குள் அந்தப் படம் ஊரிலுள்ள புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களையெல்லாம் சுற்றி, என் தங்கையின் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது. அதன் கீழே எழுதப்பட்டிருந்த வாசகத்தை இங்கே எடுத்தெழுத என் கை கூசுகிறது.

ஆனால் அதே கடையில் இன்னொன்றும் நடந்தது. பக்கத்து மேசையில் மகளோடு உட்கார்ந்திருந்த மூதாட்டி ஒருவர், பால்மரக் காட்டில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர் என்பது அவருடைய விரல்களைப் பார்த்தாலே தெரியும், எழுந்து வந்து, "தம்பி, இது கம்பளியா? இந்த வெயில்ல எப்படிய்யா தாங்குது?" என்று கேட்டார். ஆமாம் பாட்டி என்று சொல்லி, அவன் பின்பக்க மடிப்பொன்றின் ஓரத்தை எடுத்துக் காட்டினான். அவர் துணியை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். அத்தனை மடிப்பு மடித்தும் துணியின் கட்டம் ஓரிடத்திலும் உடையாமல், மடிப்புக்கு மடிப்பு சேர்ந்து வந்து நிற்பதைக் கவனித்து, "தைச்சவன் கெட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டுத் தம் இடத்துக்குப் போனார். புதியதொன்றைக் கண்டால் எப்படிப் பார்க்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதை அந்தக் கடையில் அறிந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

அந்த உடுப்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கில்ட்டின் முன்பக்கம் இரண்டு பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து தட்டையாக இருக்கும். மடிப்புகள் அனைத்தும் பின்பக்கம். இடுப்பின் பக்கவாட்டில் தோல்வாரும் கொக்கியும் வைத்து இறுக்குவார்கள். முழு அளவில் தைப்பதற்கு ஏறத்தாழ எட்டு கஜம் கம்பளித் துணி பிடிக்கும். அதாவது நாம் கட்டும் எட்டு முழ வேட்டியைப் போல இரண்டு பங்கு. பை வைத்துத் தைப்பதில்லை என்பதால் முன்னால் ஒரு தோல்பையைத் தொங்கவிடுகிறார்கள். நம் பெரியவர்கள் கைலிக்கு மேல் கட்டிய, பணப்பை வைத்த அகலமான தோல்வாரைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். தொடக்கத்தில் அது தைத்த உடுப்பே அல்ல. ஒரே நீளத் துணியைக் கொசுவி, இடுப்பில் வார் கட்டி, மிஞ்சியதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதி ஆண்கள் காட்டிலும் மேட்டிலும் நடந்தார்கள். அது பெண்கள் உடுப்பைப் பார்த்துச் செய்ததல்ல. நம் வேட்டியைப் போலவே அதுவும் ஆண்கள் தங்களுக்கென்று வகுத்துக்கொண்ட உடுப்பு.

அந்த உடுப்புக்காக அவர்கள் பட்ட பாட்டை அறிந்தபோது என் மனம் கனத்தது. 1746-ஆம் ஆண்டு கலோடன் போரில் மலைநாட்டவர் தோற்றதும், லண்டன் நாடாளுமன்றம் அவர்களுடைய உடுப்பையே தடை செய்து சட்டம் இயற்றியது. படைவீரர் அல்லாத ஆண்களும் சிறுவர்களும் அதை அணிந்தால் முதல் முறை ஆறு மாதச் சிறை. மறுபடியும் அணிந்தால் ஏழு ஆண்டுகள் கடல் கடந்த குடியேற்றங்களுக்கு நாடு கடத்தல். அன்றைய ஆங்கில வழக்கில் அக்குடியேற்றங்களைக் குறிக்கச் சட்டம் பயன்படுத்திய சொல், நாம் பிறந்து வளர்ந்த 'தோட்டம்' என்பதைக் குறிக்கும் அதே 'பிளான்டேஷன்' என்ற சொல்தான். 1782-ஆம் ஆண்டில்தான் அத்தடை நீங்கியது. பிறகு நாற்பது ஆண்டுகள் கழித்து, 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது தாமே கில்ட் அணிந்து மக்கள் முன் நின்றார். துணி மாறவில்லை. உடுத்தியவர் யார் என்பதுதான் மாறியிருந்தது.

சொந்த நாட்டிலேயே இன்றும் அந்த உடுப்புக்குத் தொல்லை முழுவதும் நீங்கிவிடவில்லை. உள்ளே என்ன என்று கேட்பதும், கூட்டத்தில் யாராவது பின்னாலிருந்து தூக்கிப் பார்ப்பதும் அங்கேயும் உண்டு. இன்வெர்னஸ் நகரின் மதுக்கூடமொன்றில் வேலை பார்த்த ஆண்கள், வாடிக்கையாளர்களின் அத்தகைய கைவரிசையைத் தாங்க முடியாமல், 2017-இல் கில்ட் அணிவதையே விட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. பெண் ஒருத்திக்குச் செய்தால் குற்றம் என்று யாவரும் ஒப்புக்கொள்ளும் செயலை, ஆணுக்குச் செய்தால் வேடிக்கை என்று கொள்வதை என்னால் ஏற்க இயலவில்லை. எங்கள் ஊர்க் கடையில் கேட்கப்பட்ட கேள்வியும் அந்த வகையைச் சேர்ந்ததே.

இந்தச் சிரிப்பு நமக்கு எங்கிருந்து வந்தது என்று பல இரவுகள் யோசித்தேன். வெளிநாட்டு உடுப்பு என்பதால் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. வெளிநாட்டு உடுப்பைத்தான் நாம் அனைவரும் அன்றாடம் அணிகிறோம். எனக்குத் தோன்றுவது வேறு. தோட்டத்தில் விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் வரிசைக்கு, நின்றவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை வெள்ளைக் கால்சட்டையும் முழங்கால் வரை காலுறையுமாக நிற்பார். கிராணியார் எனப்பட்ட எழுத்தர் முழுநீளச் சிலுவார் (கால்சட்டை). மண்டோர் எனப்பட்ட கண்காணி காக்கி. பால் வெட்ட வாளியும் உளியும் தூக்கியவர்கள் கைலியோ, மடித்துக் கட்டிய காடாத் துணியோ. யார் யாருக்குக் கட்டளையிடலாம் என்பதை இடுப்புத் துணியைப் பார்த்தே சொல்லிவிடலாம். துரைமார்களில் பலர் ஸ்காட்லாந்துக்காரர்கள். ரப்பர் தோட்டங்களை நடத்திய குத்ரி நிறுவனத்தை 1821-இல் சிங்கப்பூரில் தொடங்கிய அலெக்சாண்டர் குத்ரியும் அந்நாட்டவரே. துரையின் பெட்டியில் கில்ட் ஒன்று மடித்துக் கிடந்திருந்தாலும், நம் முன்னால் அவர் நின்றது கால்சட்டையில்தான். ஆகவே மேலே ஏறுவது என்றால் சிலுவாருக்குள் ஏறுவது என்று நம் மக்கள் புரிந்துகொண்டார்கள். அன்றைய நிலைமையில் அது தவறான கணக்கும் அல்ல. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டிய காலம் அது; அந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்பது 1941-ஆம் ஆண்டு ஆர்.எச்.நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று என்பதை இளைய வாசகர்கள் அறிய வேண்டும்.

என் தந்தையும் அந்தக் கணக்கைத்தான் எனக்குச் சொன்னார். "நீ சிலுவார் போட்டு ஆபீசுக்குப் போவணும்டா" என்பதே அவருடைய ஒரே ஆசை. அவரிடம் எட்டு முழ வெள்ளை வேட்டி ஒன்று இருந்தது. தீபாவளிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் மட்டும் தகரப் பெட்டியிலிருந்து அது வெளியே வரும். பால் வாடை அதில் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக, வேலைத் துணிகள் தொங்கும் கொடியின் பக்கமே அதைக் கொண்டுபோக மாட்டார். 1976-இல் எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்து, பள்ளியின் முதல் பெற்றோர் நாளுக்கு அவரை அழைத்தபோது, வேட்டியில் வர வேண்டாம், பக்கத்து வீட்டில் சிலுவார் இரவல் வாங்கிக் கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. இடுப்பில் நிற்காத சிலுவாரைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்து, விழா முடியும்வரை கடைசி வரிசையில் எழுந்து நிற்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. கடையில் எழுந்த அந்தச் சிரிப்பைக் கேட்டபோது, நான் அன்று பேசிய பேச்சுதான் என் காதில் விழுந்தது.

இரண்டாவது சம்பவத்துக்கு வருகிறேன். அது ஒரு வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு, கட்டியிருந்த வெள்ளை வேட்டியோடும் சட்டையோடும் நேரே ஓர் அலுவலகத்துக்குச் சென்றேன். அலுவலகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. வாசலில் இருந்த காவலர், மரியாதைக் குறைவு சிறிதும் இல்லாமல், "பாக்சிக் (பெரியவரே), கைன் (சுற்றிக் கட்டும் துணி) அணிந்து உள்ளே போக அனுமதி இல்லை" என்று மலாயில் சொல்லிப் பலகையைக் காட்டினார். அரைக்கால்சட்டை, கையில்லாச் சட்டை, ஜப்பான் சிலிப்பர் ஆகியவற்றின் படங்களுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு இருந்தது. வேட்டியின் படமோ கைலியின் படமோ அதில் இல்லை. இல்லாததை எடுத்துச் சொன்னேன். மேலிடத்து உத்தரவு என்றார். அவருடைய மேசைக்குப் பின்னால் சுவரில் கொக்கிகள் இருந்தன. அவற்றில் கட்டம் போட்ட கைலிகள் மூன்று தொங்கின. அவை எதற்கு என்று கேட்டேன். முழங்கால் தெரியும்படி வரும் பெண்கள் சுற்றிக்கொண்டு உள்ளே போவதற்கு என்றார். 2015-ஆம் ஆண்டில் அரசு அலுவலகமொன்றுக்குப் பாவாடை அணிந்து சென்ற பெண்ணைக் கைலி சுற்றிக்கொள்ளச் செய்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஒருவரைக் கண்ணியமாக்குவதற்கு என்று வாசலில் தொங்கவிடப்பட்ட அதே வகைத் துணி, கணுக்கால் வரை உடுத்தி வந்த எழுபது வயதுக்காரனுக்கு எப்படிக் கண்ணியக் குறைவாகும்? நான் கேட்டபோது அந்தக் காவலரும் பதில் சொல்ல முடியாமல் தலை குனிந்தார். அவர் மீது எனக்கு வருத்தம் ஏதும் இல்லை.

மலாய் அன்பர்கள் வீட்டிலும் பள்ளிவாசலிலும் உடுத்தும் அந்தக் கட்டம் போட்ட துணிக்குக் கைன் பெலிகாட் என்று பெயர். பெலிகாட் என்பது சென்னைக்கு வடக்கே உள்ள நம் பழவேற்காடு. அத்துறைமுகத்தின் வழியாக வந்த சோழமண்டலக் கரையின் நெசவுத் துணிதான் அப்பெயரைப் பெற்றது. மலாய் ஆண்களின் விழா உடையான பாஜு மெலாயுவின் மேல் இடுப்பில் சுற்றும் சம்பின் என்ற துணியும் தைக்காத துணியின் வழி வந்ததே. இந்நாட்டில் ஆண்கள் துணியைச் சுற்றி உடுத்துவது யாருக்கும் அந்நியமான பழக்கம் அல்ல. கோலாலம்பூரில் 1986 முதல் இயங்கிவரும் ஸ்ரீ டஸ்மேஷ் என்ற சீக்கியர் இசைக்குழுவினர், தலைப்பாகையும் கில்ட்டுமாக, ஸ்காட்லாந்தின் பைக்குழலான பேக்பைப் வாசித்து, கிளாஸ்கோவில் நடக்கும் உலகப் போட்டி வரை சென்று வந்திருக்கிறார்கள். அவர்கள் அணிவகுத்து வரும்போது நாம் கை தட்டுகிறோம். மேளம் இல்லாமல், அணிவகுப்பு இல்லாமல், ஒருவன் தனியாகப் பசியாற வந்தால்தான் சிரிக்கிறோம்.

தாயகத்திலும் இந்த வாசல் பிரச்சினை இருந்தது. 2014 ஜூலையில், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி அரி பரந்தாமன் அவர்களை, வேட்டி கட்டியிருந்த காரணத்தால், சேப்பாக்கத்தில் உள்ள கிளப் ஒன்றில் அனுமதிக்க மறுத்தார்கள். அடுத்த மாதமே தமிழக அரசு, பொது இடங்களில் வேட்டிக்குத் தடை விதிப்போருக்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் என்று சட்டம் கொண்டு வந்தது. நீதிபதிக்கு நேர்ந்ததால்தான் அத்தனை விரைவில் சட்டம் வந்தது என்று சொல்வோரும் உண்டு. இருந்தாலும் வந்ததே என்று நான் மகிழ்கிறேன். நம் நாட்டில் சட்டம் வேண்டும் என்று கேட்கவில்லை. பலகையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

எல்லா இடத்துக்கும் எல்லா உடுப்பும் பொருந்தும் என்று வாதிடுபவன் அல்ல நான். செம்பனை ஆலையில் சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேட்டியோ கில்ட்டோ கூடாது. பெரியவர்கள் முன்னால் தொடை தெரிய மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பதை நம் வழக்கமே ஏற்பதில்லை. அப்படி நிற்கும் இளைஞர்களை நானே கண்டித்திருக்கிறேன். கைலி கட்டிய தமிழ் இளைஞனைப் பார்த்தால் அடிதடிக்காரன் என்று எண்ணும் பார்வையும் ஊரில் இருக்கிறது என்பதை அறிவேன். கார்த்திகை மாதத்தில் ஐயப்பனுக்கு மாலை போட்டுக் கறுப்பு வேட்டியோடு வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் அந்தப் பார்வையை ஒவ்வோர் ஆண்டும் அனுபவிக்கிறார்கள். என்னிடம் படித்த ஒருவன், லாரி ஓட்டுகிறான், விரத நாள்களில் பெட்ரோல் நிலையத்துக் கடைக்குள் போகும்போதெல்லாம் கையிலிருக்கும் பணத்தை முன்கூட்டியே வெளியே எடுத்துக் காட்டியபடிதான் நுழைவேன் என்று சொன்னான்.

இதில் பெண்கள் நமக்கு முன்னால் சென்றுவிட்டார்கள். எழுபதுகளின் கடைசியில் எங்கள் பள்ளிக்கு ஓர் ஆசிரியை பஞ்சாபி உடை அணிந்து வந்தபோது, ஆசிரியர் அறையிலும் தோட்டத்துக் கடையிலும் ஒரு மாதம் அதே பேச்சு. அவர் யாருக்கும் விளக்கம் சொல்லாமல் மறுநாளும் அதையே அணிந்து வந்தார். இன்று அது உடை என்றே யார் கண்ணிலும் படுவதில்லை.

எனவே என் வேண்டுகோள்கள் சில. பொது அலுவலகங்களின் வாசலில் உடை விதிப் பலகை வைப்பவர்கள், வேட்டியும் முழு நீளக் கைலியும் அனுமதிக்கப்பட்ட உடைகள் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். காவலருடைய அன்றைய முடிவுக்கு அதை விட்டுவைக்கக் கூடாது. நம் கோயில்களும் சங்கங்களும் பொங்கலுக்கு ஒரு நாள் வேட்டி கட்டிப் படம் எடுத்துக்கொள்வதோடு நின்றுவிடாமல், சாதாரணத் திங்கள்கிழமையிலும் அதைக் கட்டி வெளியே செல்லும் துணிவைப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். அந்தப் படத்தைப் புலனத்தில் அனுப்பியவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து அழித்துவிடுங்கள். என் மருமகனிடம் கேட்க விரும்புவோர் நேரில் வந்து கேட்கலாம். மடிப்பை எப்படி மடிப்பது, கட்டத்தை எப்படிச் சேர்ப்பது என்று பொறுமையாகச் சொல்லுவான். அந்த உடுப்பு இப்போது மறுபடியும் பெட்டிக்குள் போய்விட்டது. தோழனுடைய திருமணத்துக்கு அதை அணிவதா வேண்டாமா என்று யோசிக்கிறான். அணிய வேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

அந்த அலுவலகத்துக்கு மலாயில் கடிதம் எழுதி, பலகையில் வேட்டி இல்லாததையும் சுவரில் கைலிகள் தொங்குவதையும் குறிப்பிட்டு அனுப்பியுள்ளேன். பதில் இன்னும் வரவில்லை. என்னுடைய வேலையும் அங்கே முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை காலை, என் தந்தையின் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துச் சலவை செய்து வைத்திருக்கும் அந்த எட்டு முழ வேட்டியைக் கட்டிக்கொண்டு மறுபடியும் அதே வாசலுக்குப் போகவிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.